ரூபாவதியின் ஜெபச் சீட்டு

ஐந்து தேயிலை எஸ்டேட் சபைகளுக்கும் சேர்த்து ஒரே ஆயர். பெயர் சற்குணம். முப்பத்தாறு வயது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கோயிலில் இருந்தால், மற்ற நாலு கோயிலிலும் உபதேசியார்கள்தான் ஆராதனை நடத்த வேண்டும்.

மேல்பாறை எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த உபதேசியார் மனாசே. முப்பது வருஷம் மலைப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். சம்பளம் கிடையாது என்று சொல்லியும் கேட்டு வாங்கிக்கொண்ட ஊழியம். ஆயரைவிட இருபத்துமூன்று வயது மூத்தவர். ஆனாலும் ஆயர்தான் அவருக்குக் குரு. ஆயர் அவரை ‘அண்ணே’ என்பார். அவர் ஆயரை ‘ஐயா’ என்பார்.

மனாசேக்குச் சந்தேகங்கள் அதிகம். ஆயரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தால் வளைவுக்கு ஒரு கேள்வி வரும். அந்த மலையில் நாற்பது வளைவுகள்.

“ஐயா, நோவா பேழையில கரையானும் ஜோடியா ஏறிச்சா?”

“ஏறியிருக்கும்.”

“பேழை மரத்தால செஞ்சதாச்சே?”

ஆயர் அடுத்த வளைவு வரை யோசித்தார்.

“பசி தாங்கியிருக்கும் அண்ணே.”

இன்னொரு நாள் இப்படிக் கேட்டார்.

“ஜெபம் பண்ணும்போது ஆளோட பேர், ஊர் எல்லாம் சொல்லணுமா ஐயா?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“எந்த ஸ்டாப்புன்னு சொன்னாத்தானே டிக்கெட் கிழிக்க முடியும்?”

எதிரே லாரி வந்தது. ஆயர் வண்டியை ஓரம் கட்டினார். பதில் சொல்லவில்லை. ஆமாம் என்று மனாசே எடுத்துக்கொண்டார்.

மேல்பாறை கோயில் வாசலில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். மூடியில் ஒரு கீறல். யாருக்கு என்ன தேவையோ அதைச் சீட்டில் எழுதி உள்ளே போடுவார்கள். ஆயர் வரும்போது டின்னை எடுத்துப்போவார். ஒவ்வொன்றாகப் படித்து ஜெபிப்பார் என்று சொல்வார்கள். பார்த்தவர்கள் இல்லை.

மனாசே தனியாக நடத்திய முதல் ஆராதனை அன்று என்ன நடந்தது என்றால், அவர் அந்த டின்னைத் திறந்தார். சீட்டுகளை வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றையும் சபைக்கு முன்னால் சத்தமாக வாசித்து ஜெபம் செய்தார்.

அதில் நாலாவது சீட்டு அவரே எழுதியது. கொழுந்து பறிக்கும் ரூபாவதிக்கு எழுதத் தெரியாது. சனிக்கிழமை அவரிடம் வந்து, “பிள்ளைக்கு மறுபடி வலிப்பு வராம இருக்கணும்னு எழுதிக் குடுங்கண்ணே” என்று கேட்டிருந்தாள். எழுதிக் கொடுத்திருந்தார். விலாசத்தை மட்டும் அவராகச் சேர்த்தார்.

“மேல்பாறை எஸ்டேட், ஏழாம் லைன், மூணாம் வீடு, ரூபாவதி மகள் பிரிசில்லாவுக்கு…” என்று ஆரம்பித்து முழுவதையும் வாசித்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களுக்குக்கூடக் கேட்கும் குரல் அது.

அதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் அதே பிரிசில்லாவுக்கு அவர் ஓலை வாசித்திருந்தார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். அன்று இரண்டாவது ஓலை. மாப்பிள்ளை ஆமோஸ், கீழே கல்லாத்து எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டுகிறவன்.

ஆமோஸின் அத்தை அன்று கடைசி பெஞ்சில் இருந்தாள். மத்தியானப் பஸ்ஸில் அவள் கீழே போனாள். அவளோடு அந்தச் சீட்டும் போனது. சாயங்காலம் கல்லாத்திலிருந்து போன் வந்தது. மூணாவது ஓலைக்கு அவசரப்பட வேண்டாம், கொஞ்சம் யோசிக்கணும் என்று ஆமோஸின் அம்மா சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை ரூபாவதி மனாசே வீட்டு வாசலில் வந்து நின்றாள். கொழுந்துக் கூடை இன்னும் முதுகில் இருந்தது.

“அண்ணே, நான் உங்கள என்ன எழுதச் சொன்னேன்?”

“நீ சொன்னதத்தான் தாயி எழுதினேன். விலாசம் தவிர ஒரு வார்த்தை கூட்டல.”

“யாருக்கு எழுதச் சொன்னேன்?”

மனாசே அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கூடையைப் பார்த்தார்.

“நாலு வருஷமா பிள்ளைக்கு ஒன்னும் வரல. வேளாவேளைக்கு மாத்திரை போடுறா. கல்யாணச் சத்தத்துலயும் தூக்கமில்லாமலும் வந்துரக் கூடாதேன்னு எனக்குப் பயம். அந்தப் பயத்த ஆண்டவர்கிட்ட கொண்டுபோய் வைங்கன்னு உங்க கையில குடுத்தேன். நீங்க கல்லாத்துக்கு டிக்கெட் போட்டு அனுப்பிட்டீங்க.”

“அவங்களும் ஒரு நாள் தெரிஞ்சுக்கத்தானே வேணும்?”

“தெரிஞ்சுக்கட்டும். அத யார் சொல்றது? நீங்களா?”

கூடவே வந்திருந்த பிரிசில்லா, “அம்மா, அவருக்கு…” என்று ஏதோ ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு.” ரூபாவதி மறுபடி மனாசே பக்கம் திரும்பினாள். “நீங்களே கீழ போங்க. அது வேற பிள்ளைன்னு சொல்லுங்க. ஏழாம் லைன்ல இன்னொரு ரூபாவதி இருக்கான்னு சொல்லுங்க.”

“இன்னொரு ரூபாவதி இல்லையே.”

“இருக்கான்னு சொல்லுங்க. அவ்வளவு பேர் முன்னால வாசிக்கத் தெரிஞ்ச வாய்க்கு, இத ஒன்னு சொல்லத் தெரியாதா?”

அவள் போய்விட்டாள். அன்றைக்கு மனாசே வீட்டில் சாப்பாடு மீந்தது.

புதன்கிழமை ஆயர் மேலே வந்தார். மனாசே எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தார்.

“ஐயா, நான் வாசிச்சதுல பொய் ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

“பின்ன ஏன் திருடினவன் மாதிரி இருக்கு?”

ஆயர் ஹெல்மெட்டை எடுத்தார்.

“கல்லாத்துக்கு எவ்வளவு நேரம் அண்ணே?”

“பஸ்ஸுல முக்கால் மணி.”

“ஏறுங்க.”

“அங்க போய் என்ன சொல்றது? ரூபாவதி சொன்ன மாதிரி சொல்லிரலாமா? நல்ல காரியத்துக்குத்தானே?”

“போற வழியில யோசிங்க.”

ஒன்பது வளைவு வரை பின்னாலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. ஆயர் கண்ணாடியில் பார்த்தார்.

“அண்ணே, இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

பத்தாவது வளைவில் ரோட்டில் யானைகள் நின்றன. நாலு பெரியவை, ஒரு குட்டி. ஆயர் எஞ்சினை அணைத்தார். வண்டி தானாக உருண்டு ஒரு பாறை ஓரம் நின்றது. நடுவில் முப்பது அடி இருக்கும். பெரிய யானை ஒன்று இவர்கள் பக்கம் திரும்பிக் காதை விரித்தது.

மனாசே கண்ணை மூடினார். கைகளை உயர்த்தினார். “பரலோகத்திலிருக்கிற எங்கள்…” என்று பிரசங்க பீடத்துக் குரலில் ஆரம்பித்தார்.

ஆயர் பின்னால் கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினார்.

“மெதுவா.”

“அவருக்குக் கேக்கணுமே ஐயா.”

“யானைக்குக் கேட்டுரும்.”

யானை ஓரடி முன்னால் வைத்தது. நின்றது. தும்பிக்கையை உயர்த்தி மோப்பம் பிடித்தது. மனாசேயின் உதடுகூட அசையவில்லை. இரண்டு கையாலும் ஆயரின் சட்டையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியில் ஒரு பொத்தான் தெறித்துத் தார் ரோட்டில் விழுந்தது. அந்தச் சத்தம் இருவருக்கும் கேட்டது.

குட்டிக்குத்தான் முதலில் சலித்தது. அது தேயிலைக்குள் இறங்கியது. அம்மா அதன் பின்னால் போனது. மற்றவையும் போயின. கடைசியாக அந்தப் பெரிய யானை இவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாக இறங்கியது.

ஆயர் குனிந்து பொத்தானை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஜெபம் பண்ணீங்களா அண்ணே?”

“பண்ணினேன்.”

“அவ்வளவு நேரமுமா?”

“அவ்வளவு நேரமும்.”

“என்னன்னு?”

மனாசே பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். ஐம்பத்தொன்பது வயதில் அவர் முகம் சிவந்தது.

“அத எப்படி ஐயா சொல்றது?”

“சரி” என்று ஆயர் வண்டியை உதைத்தார்.

கல்லாத்தில் ஆமோஸ் வீட்டுக்கு வெளியே லாரி நின்றது. ஆமோஸின் அம்மா நவமணி, வீட்டு முன்னால் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

“வாங்க ஐயா. வாங்க கண்டக்டர் அண்ணே. உள்ள வந்து உக்காருங்க. எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும், ஆனா டீ குடிச்சிட்டுப் பேசலாம்.”

டீ வைத்தாள். அவர்கள் குடிக்கும் வரைகூடப் பொறுக்கவில்லை.

“அண்ணே, நேரா கேக்குறேன். நீங்க வாசிச்ச அந்தச் சீட்டு, நாங்க பேசி முடிச்ச இந்தப் பிள்ளையப் பத்தினதா?”

மனாசேயிடம் பதில் தயாராக இருந்தது. ஏழாம் லைனில் இன்னொரு ரூபாவதி. அவளுக்கு ஒரு மகள். பஸ்ஸில் எத்தனை பேரை எத்தனை விதமாகச் சமாளித்தவர் அவர். டம்ளரைக் கீழே வைத்தார். ஆயரைப் பார்த்தார். ஆயர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தச் சீட்ட எழுதினது நான். வாசிச்சது நான். எழுதச் சொன்னவங்க என்ன நம்பிச் சொன்னாங்க. நான் வாசிச்சிருக்கக் கூடாது” என்றார் மனாசே. “அதுக்கு மேல அதப் பத்தி என்கிட்ட கேக்காதம்மா. ஒருதரம் சொன்னதே அதிகம்.”

“அப்ப அந்தப் பிள்ளைதான்.”

“என்கிட்ட கேக்காதம்மா.”

“ஐயா, நீங்களாவது சொல்லுங்க.”

“நான் அன்னிக்கு அங்க இல்ல” என்றார் ஆயர்.

“இல்லாட்டி என்ன? உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?”

“அந்தப் பிள்ளைகிட்ட யாராவது கேட்டாங்களா?”

“நான் கேட்டாச்சு” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

ஆமோஸ் நின்றுகொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ்.

“கேக்கக்கூட இல்ல. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு, கெணத்துகிட்ட கை கழுவப் போனப்ப அவளே சொல்லிட்டா. எப்ப வந்துச்சு, என்ன மாத்திரை, எல்லாம் சொன்னா. வேண்டாம்னா இப்பவே போயிருங்க, எங்கம்மா மனசு உடையாம நான் பாத்துக்கிறேன்னு சொன்னா.”

நவமணி மகனைப் பார்த்தாள்.

“மூணு மாசமாச்சேடா.”

“ஆமா.”

“லாரி டயர்ல ஆணி குத்தினாக்கூட ஓடி வந்து சொல்லுவ. இத என்கிட்ட ஏன் சொல்லல?”

“அது அவ என்கிட்ட சொன்னதும்மா.”

“நான் உன்னப் பெத்தவ.”

“தெரியும். நீயே சொல்லுன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன். ஓலை முடியட்டும், நானே வந்து உங்கம்மாகிட்ட உக்காந்து சொல்றேன்னு இருந்தா. அதுக்குள்ள…”

மனாசே தலையைக் குனிந்துகொண்டார்.

நவமணி எழுந்து வெளியே போனாள். மிளகாயைக் கிளறிவிடும் சத்தம் கேட்டது. அங்கிருந்தே சொன்னாள்.

“டீ ஆறுது. குடிச்சிட்டுக் கிளம்புங்க. யானை வர்ற நேரம்.”

திரும்பி வரும்போது மனாசே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வருவாங்களா ஐயா?”

“தெரியாது அண்ணே.”

“உங்களுக்குமா?”

“எனக்கும்தான்.”

ஞாயிற்றுக்கிழமை ஆயரின் முறை மேல்பாறையில். முதல் மணி அடித்த கொஞ்ச நேரத்தில் கீழிருந்து பஸ் வந்தது. நவமணி தனியாக இறங்கினாள். யாரிடமும் பேசாமல் உள்ளே போய் வலது பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அத்தனை தலைகளும் திரும்பின. அவள் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரூபாவதியும் மகளும் வந்தார்கள். வாசலில் டின் பக்கத்தில் மனாசே நின்றிருந்தார். ரூபாவதி நின்று, மடியிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். நீலக் கோடு போட்ட நோட்டுத் தாள்.

“எழுதித் தரவா தாயி?” வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

அவள் அவரைப் பார்த்தாள்.

“வேண்டாம்ணே.”

காகிதத்தை நாலாக மடித்தாள். கீறல் வழியாக உள்ளே தள்ளினாள். அது விழுந்ததா என்று டின்னை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இடது பக்கத்தில் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மனாசே ஆயரிடம் ஓடினார்.

“ஐயா, மூணாவது ஓலை. வாசிக்கவா, வேண்டாமா?”

“நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னாங்களா?”

“யோசிக்கணும்னாங்க. அப்புறம் ஒன்னும் சொல்லல. வந்து உக்காந்திருக்காங்க.”

“வாசிங்க. ஓலைங்கிறதே ஒரு கேள்விதானே. உங்களுக்கா கேக்கத் தெரியாது?”

நேரம் வந்தபோது மனாசே எழுந்தார். அந்தப் பெரிய குரல் பாதியாக இறங்கியிருந்தது. மணமகன் பெயரைச் சொன்னார். மணமகள் பெயரைச் சொன்னார்.

“இது மூன்றாம் முறை. தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும்.”

வழக்கமாக இரண்டு மூச்சு விடும் நேரம்தான் நிறுத்துவார்கள். மனாசேயால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. வலது பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது.

நவமணி எழுந்துவிட்டாள்.

ஒரு குழந்தைகூட அழவில்லை. ரூபாவதி மகளின் கையைப் பிடித்தாள். பிரிசில்லா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நவமணி பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். பைபிளை எடுத்துக்கொண்டாள். குடையை மறந்துவிட்டு, திரும்பி வந்து அதையும் எடுத்துக்கொண்டாள். நடுவழியாக நடந்து முன்னால் வந்தாள். இடது பக்க பெஞ்சின் ஓரத்தில் நின்றாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காரு” என்றாள் ரூபாவதியிடம்.

ரூபாவதி தள்ளி உட்கார்ந்தாள். நவமணி உட்கார்ந்தாள். குடையை எங்கே வைப்பது என்று பார்த்தாள். பிரிசில்லா கையை நீட்டினாள். அவளிடம் கொடுத்தாள்.

மனாசே ஓலையை மடித்தார். மடிக்க மூன்று தடவை ஆனது.

ஜெப வேளையில் ஆயர் அவரைக் கைகாட்டினார். “நீங்க பண்ணுங்க அண்ணே.”

மனாசே டின்னைக் கொண்டுவந்து பீடத்தின் மேல் வைத்தார். சபை காதைத் தீட்டிக்கொண்டது. போன வாரம் கேட்டதுபோல் இந்த வாரமும் ஏதாவது கேட்கலாம் என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அவர் மூடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். கண்ணை மூடினார். ஒன்றும் சொல்லவில்லை. கூரையில் மழை விழ ஆரம்பித்தது. யாரோ இருமினார்கள். ஐந்து நிமிஷம் போயிருக்கும்.

“ஆமென்” என்றார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு ஆயர் டின்னை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். மனாசே கதவருகில் நின்றார்.

“வாங்க அண்ணே. இனிமே நீங்களும் என்கூட உக்காருங்க.”

“நானா ஐயா? நான் பண்ணின கூத்துக்கு அப்புறமுமா?”

“அதனாலதான்.”

மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஆயர் ஒரு சீட்டைப் பிரித்தார். படித்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு மனாசேயிடம் கொடுத்தார். மனாசே படித்தார். அவரும் கண்ணை மூடினார். இப்படியே ஒவ்வொன்றாகப் போனது. சில சீட்டுகளைப் படித்துவிட்டு ஆயர் கொடுக்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது ஏன் என்று மனாசே கேட்கவில்லை.

டின்னில் கடைசியாக ஒன்று மிஞ்சியது. நீலக் கோடு போட்ட தாள். நாலாக மடித்தது.

ஆயர் அதை மனாசே பக்கம் தள்ளினார்.

மனாசே மெதுவாகப் பிரித்தார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“ஐயா, இதுல ஒன்னுமே எழுதலையே?”

ஆயர் அந்தத் தாளை வாங்கினார். முன்பு மடித்திருந்த மடிப்பு மாறாமல் நாலாக மடித்தார்.

“எழுதியிருக்கு அண்ணே. நமக்கு எழுதல.”